மலையில் கற்ற சட்டம்: நீலகிரியில் வழக்கறிஞர் பயிற்சியின் வரலாறு

தமிழ்நாட்டில் பட்டயக் கணக்காளர் தொழிலுக்குப் படிக்கும் மாணவர்கள் தங்கள் பயிற்சிக் காலத்தை இன்றும் ‘ஆர்ட்டிகிள்ஷிப்’ என்றே குறிப்பிடுகிறார்கள். ஆனால் அச்சொல்லின் பழைய வீடு சட்டத் தொழிலே. ‘ஆர்ட்டிகிள்ஸ்’ என்பது ஒப்பந்தத்தின் ஷரத்துகளைக் குறிக்கும். தொழில் தேர்ந்த ஒருவரிடம் குறிப்பிட்ட ஆண்டுகள் பணி செய்வதாக மாணவரும், அந்த ஆண்டுகளில் தொழிலைக் கற்றுத் தருவதாக ஆசானும் எழுதிக் கையொப்பமிட்ட பத்திரத்தின் பெயரே நாளடைவில் பயிற்சிக்கும் பெயராயிற்று. அட்டர்னி என்பவர் நீதிபதியின் முன் நின்று வாதாடாமல், கட்சிக்காரருக்காக ஆவணங்களைத் தயாரித்து வழக்கை நடத்திச் செல்பவர். அவ்வாறு பதிவு பெற விரும்புவோர் ஐந்து ஆண்டுகள் ஒப்பந்தத்தின்கீழ் பணியாற்றியிருக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் 1729ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. கனடாவில் சட்டம் படித்து முடிக்கும் தமிழ் இளைஞர்கள் இன்று மேற்கொள்ளும் ‘ஆர்ட்டிக்ளிங்’ பயிற்சியும் அந்த மரபின் கிளையே ஆகும்.

நீலகிரி மலையில் இப்பயிற்சி ஒப்பந்தப் பத்திரத்தின் வடிவில் வேரூன்றவில்லை. வக்கீலிடம் ‘அப்ரண்டிஸ்’ ஆகச் சேர்வது, பின்னர் ‘சீனியர்’ ஒருவரின் அலுவலகத்தில் ‘ஜூனியர்’ ஆக இருப்பது என்ற இரண்டு வடிவங்களில்தான் அது இங்கே வாழ்ந்தது. சமவெளியின் பிற மாவட்டங்களிலும் இவ்வழக்கம் இருந்ததே எனினும், நீலகிரியில் அதன் தேவை கூடுதலாக இருந்தது. ஏனெனில் இம்மலையில் நிலவுரிமை ஒரு சரிவில் ஒரு விதமாகவும் மறு சரிவில் வேறு விதமாகவும் பிறந்தது. அந்த வேறுபாட்டைச் சொல்லும் பட்டாக்களும் குத்தகைச் சீட்டுகளும் தீர்ப்பு நகல்களும் சட்டக் கல்லூரியின் பாடத்திட்டத்தில் இருக்கவில்லை. மூத்த வழக்கறிஞர்களின் அலமாரிகளில் கட்டுக்கட்டாக இருந்தன. அந்தக் கட்டுகளை அவிழ்த்துப் படிக்கக் கற்பதே இம்மலையில் சட்டம் கற்பதாக இருந்தது என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

முத்திரைச் சட்டம் காட்டும் கணக்கு

பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டப் பயிற்சிக்கு அரசு கொடுத்த மதிப்பை அறிய, 1899ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டம் நல்லதொரு சான்றாக அமைகிறது. அச்சட்டத்தின் முதல் அட்டவணையில், எந்தத் தொழிலையும் கைத்தொழிலையும் கற்க ஒருவரை ஆசானிடம் சேர்க்கும் பயிற்சிப் பத்திரத்திற்கு 5 ரூபாய் முத்திரைத் தீர்வை விதிக்கப்பட்டது. ஆனால் உயர் நீதிமன்றத்தில் அட்டர்னியாகப் பதிவு பெறும் நோக்குடன் எழுதப்படும் எழுத்தர் ஒப்பந்தம் மட்டும் அந்த வகையிலிருந்து விலக்கித் தனி இனமாக வைக்கப்பட்டு, அதற்கு 250 ரூபாய் தீர்வை விதிக்கப்பட்டது. தச்சுத் தொழில் கற்க வரும் சிறுவனின் பத்திரத்தைவிட ஐம்பது மடங்கு அதிகமான இத்தொகையை, மாணவர் தொழிலில் நுழையும் முதல் நாளிலேயே கட்டியாக வேண்டியிருந்தது.

அதே அட்டவணையில், உயர் நீதிமன்றத்தின் பதிவேட்டில் வழக்கறிஞராகவோ வக்கீலாகவோ பெயர் சேர்க்க 500 ரூபாயும், அட்டர்னியாகச் சேர்க்க 250 ரூபாயும் தீர்வையாகக் குறிக்கப்பட்டன. அட்டர்னி ஒப்பந்தத்தின்போது ஒரு 250, பதிவின்போது மற்றொரு 250 என இரு தவணையில் கட்டியது வக்கீல் ஒரே தவணையில் கட்டிய 500க்குச் சமமாகிறது. இவ்விரு பாதைகளில் எதில் சென்றாலும் வாசலில் ஒரே அளவு பணம் கேட்கப்பட்டது என்பதையும், அந்தப் பணத்தைத் திரட்ட இயலாத குடும்பத்தின் பிள்ளைக்கு அறிவு இருந்தும் வாசல் திறக்கவில்லை என்பதையும் இந்த எளிய கூட்டல் புலப்படுத்துகிறது.

வக்கீல், பிளீடர், அட்டர்னி

சென்னை மாகாணத்தில் கம்பெனி நீதிமன்றங்களில் வாதாடுவோரை ஒழுங்குபடுத்தும் விதிகள் 1802ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டன. ‘வக்கீல்’ என்ற பாரசீகவழிச் சொல் பிறருக்காகப் பேசும் பிரதிநிதியைக் குறித்தது. அவர் கட்சிக்காரரிடமிருந்து பெறும் அதிகாரப் பத்திரமே ‘வக்காலத்து’ எனப்பட்டது. 1846ஆம் ஆண்டுச் சட்டம் இத்தொழிலை எந்த இனத்தவருக்கும் சமயத்தவருக்கும் திறந்துவிட்டது. 1862இல் சென்னை உயர் நீதிமன்றம் தொடங்கப்பட்டபோது, ஐரோப்பியர் மிகுந்திருந்த வழக்கறிஞர்களும் அட்டர்னிகளும் ஒரு பக்கமும், பழைய சதர் அதாலத்து எனும் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலிருந்து வந்த வக்கீல்கள் மறு பக்கமுமாகத் தொழில் பிரிந்து நின்றது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் நகர வழக்குகளை முதன்முதலாக விசாரிக்கும் அசல் பிரிவு நெடுங்காலம் அட்டர்னிகளின் வழியாகவே இயங்க, சென்னையில் வக்கீல்களும் அப்பிரிவில் தொழில் நடத்த இடம் பெற்றதால், ஒப்பந்தப் பயிற்சி பெறும் எழுத்தர்கள் என்ற வகுப்பு இங்கே பெரிதாக வளரவில்லை. இருந்தவர்களும் உயர் நீதிமன்றத்தைச் சுற்றிய ஜார்ஜ் டவுன் அலுவலகங்களில்தான் இருந்தார்கள்.

மாவட்டங்களில் வேறொரு படிநிலை நிலவியது. 1879ஆம் ஆண்டின் சட்டத் தொழிலர் சட்டத்தின்கீழ் முதல் நிலை, இரண்டாம் நிலை எனப் பிளீடர்கள் வகைப்படுத்தப்பட்டனர். பட்டம் பெறாத ஒருவரும் தேர்வு எழுதி இரண்டாம் நிலைப் பிளீடராகி முன்சீப் நீதிமன்றங்களில் வழக்காட முடிந்தது. பின்னாளில் சென்னை மாகாணத்தின் பிரதமரான த. பிரகாசம் ராஜமுந்திரியில் இரண்டாம் நிலைப் பிளீடராகவே தொழிலைத் தொடங்கி, பிறகு இங்கிலாந்து சென்று பாரிஸ்டரானவர். அலுவலகத்தில் அமர்ந்து பத்திரங்களைப் பார்த்தே சட்டம் கற்ற தலைமுறைக்கு இந்தப் படிநிலை ஏணியாக அமைந்தது. நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து மாவட்ட முன்சீப் பதவிக்கு உயர்ந்து, சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்தளித்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் அலுவலகமே கல்விக்கூடமாக இருந்த அக்காலத்தின் சான்று.

முறையான சட்டக் கல்வி 1855இல் சென்னையில் தொடங்கிய வகுப்புகளிலிருந்தும், 1891இல் தனிக் கல்லூரியாக நிறுவப்பட்ட சென்னைச் சட்டக் கல்லூரியிலிருந்தும் வளர்ந்தது. அக்காலத்தில் பி.எல். பட்டம் பெற்றவர் உடனே வழக்காட முடியவில்லை. மூத்த வக்கீல் ஒருவரிடம் ஓராண்டு அப்ரண்டிஸாக இருந்தாக வேண்டியிருந்தது. பிற்காலத்தில் அரசியல் நிர்ணய சபையின் வரைவுக் குழுவில் இடம்பெற்ற அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், பி. ஆர். சுந்தர ஐயரிடம் இவ்வாறு பயின்றவர். 1926ஆம் ஆண்டின் பார் கவுன்சில்கள் சட்டத்திற்குப் பின்னரும் இம்முறை தொடர்ந்தது. அப்ரண்டிஸ்களுக்கென்று தனிச் சொற்பொழிவுகளும் நடத்தப்பட்டன, அவற்றில் கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் தொழில் ஒழுக்கத்தையும் வழக்காடும் முறையையும் குறித்து ஆற்றிய உரைகள் நூலாக வெளிவந்து இந்திய வழக்கறிஞர்களிடையே பரவலாகப் படிக்கப்பட்டன.

நீலகிரியின் இளைஞருக்கு இப்பாதை நீளமானது. 1970களில் மதுரையிலும், 1979இல் கோயம்புத்தூரிலும் அரசுச் சட்டக் கல்லூரிகள் தோன்றும்வரை அவர் மலையிறங்கிச் சென்னைக்குச் செல்ல வேண்டியிருந்தது. பட்டமும் பதிவும் பெற்று அவர் உதகமண்டலத்துக்கோ குன்னூருக்கோ திரும்பியபோது, சென்னையில் கற்றவற்றால் விடை காண இயலாத கேள்விகள் அவருக்காகக் காத்திருந்தன.

ஒரு மலை, இரண்டு நிலச் சட்டங்கள்

அக்கேள்விகளின் வேர் மாவட்டத்தின் எல்லை வரலாற்றில் இருக்கிறது. கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி, சில ஆண்டுகளில் உதகமண்டலத்தில் குடியேற்றத்தைத் தொடங்கிவைத்த பிறகு, மலையின் மேற்குப் பகுதி 1830இல் மலபாருடன் சேர்க்கப்பட்டு, 1843இல் மீண்டும் கோயம்புத்தூருக்குத் திரும்பியது. 1868இல் நீலகிரி தனி நிர்வாகமாக்கப்பட்டு, வருவாய்ப் பொறுப்புடன் நீதி அதிகாரமும் கொண்ட ஆணையர் ஒருவரின்கீழ் வைக்கப்பட்டது. ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் அப்பதவியை முதலில் வகித்தவர். 1873இல் ஆக்டர்லோனி பள்ளத்தாக்கும், 1877இல் வயநாட்டின் தென்கிழக்கிலிருந்த நம்பலக்கோடு, சேரங்கோடு, முனநாடு ஆகிய அம்சங்களும் நீலகிரியுடன் இணைக்கப்பட்டன. ‘அம்சம்’ என்பது மலபாரில் வருவாய்க் கிராமத்துக்கு ஒப்பான பிரிவு. 1882இல் ஆணையர் பதவி ஆட்சியர் பதவியாக மாறியது.

எல்லைகள் மாறியபோது நிலம் தன் பழைய சட்டத்தையும் சுமந்துகொண்டே வந்தது. உதகை, குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் ரயத்துவாரி முறை, அதாவது அரசே பயிரிடுவோரிடம் நேரடியாகத் தீர்வை வாங்கி அவர் பெயரில் பட்டா வழங்கும் முறை நிலவியது. அதனுடன், 1863ஆம் ஆண்டின் தரிசு நில விதிகளின்படி ஏலத்தில் விற்கப்பட்ட தோட்ட நிலங்களும், தீர்வையை ஒரே தொகையாகச் செலுத்தித் தீர்த்துக்கொண்ட முழு உரிமை நிலங்களும் இருந்தன. தோடர் பழங்குடியினரின் குடியிருப்புகளான மந்துகளைச் சார்ந்த நிலங்கள் கைமாறிப் போகாதபடி காக்கும் தனி விதிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏற்பட்டன. நடுவட்டத்தைத் தாண்டி, வயநாட்டிலிருந்து இணைக்கப்பட்ட கூடலூர்ச் சரிவில் இறங்கினால் முற்றிலும் வேறான உலகம் இருந்தது. அங்கே ‘ஜென்மி’ எனப்படும் பரம்பரை நிலவுடைமையாளரான நிலம்பூர் கோவிலகத்திடமிருந்து தோட்டக்காரர்கள் நீண்ட காலக் குத்தகை பெற்றிருந்தனர். ‘ஜென்மம்’ (பரம்பரை உடைமை), ‘காணம்’ (அடமானக் குத்தகை), ‘பாட்டம்’ (குத்தகை) என்ற மலபார்ச் சொற்களே அங்கு உரிமையைத் தீர்மானித்தன. பத்திரங்கள் பலவும் மலையாளத்தில் எழுதப்பட்டிருந்தன.

உதகையிலிருந்து கூடலூர் சுமார் 50 கிலோமீட்டர் தொலைவுதான் என்றாலும், சட்டத்தின் கணக்கில் அது ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குச் செல்லும் பயணமாக இருந்தது. ஒரே வாரத்தில் குன்னூர்த் தேயிலைத் தோட்டமொன்றின் மூலப்பத்திரத்தையும் கூடலூர்ச் சரிவிலுள்ள பந்தலூர்க் குடியானவர் ஒருவரின் பாட்டச் சீட்டையும் பார்க்க நேர்ந்த ஜூனியர், முன்னதற்குக் கற்ற விதியைப் பின்னதற்குப் பொருத்தினால் கட்சிக்காரரின் நிலமே பறிபோகும். எந்தச் சரிவில் எந்த விதி என்பதை அவருக்குச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தார். சீனியர் என்ற நிறுவனம் இம்மலையில் நிலைத்ததற்கு இதுவே முதற்காரணம்.

நிலத்திலிருந்து மனிதர்களுக்கு

இரண்டாவது காரணம் இங்கே வாழ்ந்த மக்களின் பன்மை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோர் பட்டியல் பழங்குடியினர். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், மத்திய அரசு தனியே அறிவித்தாலன்றிப் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று தானே கூறுகிறது. ஆகவே அவர்களுடைய வாரிசுரிமை வழக்குகளில் ஏட்டுச் சட்டத்தைவிட வழக்காறு, அதாவது தலைமுறைகளாகப் பின்பற்றப்படும் மரபு, முன்னுக்கு வருகிறது. தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்காறு நூலில் எழுதப்பட்ட விதியை விஞ்சும் என்று பிரிட்டிஷ் இந்தியாவின் இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1868இல் இராமநாதபுரம் சமஸ்தான வழக்கில் வகுத்த கோட்பாடு கல்லூரியில் பாடமாகக் கற்பிக்கப்படலாம். ஆனால் வழக்காற்றை நிரூபிக்க மந்தின் மூத்தவரிடம் எப்படிக் கேட்பது, எதைச் சாட்சியமாகப் பதிவது என்பவற்றைப் பாடநூலால் கற்பிக்க இயலாது.

தோட்டத் தொழில் வேறொரு வகைக் கல்வியைக் கோரியது. முன்பணம் வாங்கி வேலைக்கு வராத தொழிலாளியைக் குற்றவியல் நடுவர்முன் நிறுத்தி, வேலை செய்ய உத்தரவிடவும் மறுத்தால் சிறையிலடைக்கவும் 1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டம் வழிவகுத்தது. 1920களின் நடுவில் அது நீக்கப்படும்வரை, ஆள் திரட்டிய மேஸ்திரி கொடுத்த முன்பணம் மலைத் தோட்டங்களில் கைவிலங்கின் வேலையைச் செய்தது. விடுதலைக்குப் பின் 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டமும், குடியிருப்பு, மருத்துவமனை, குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கிய 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் நிலைமையை மாற்றின. தொழில் தகராறு வழக்கில் மறுதரப்பின் சம்மதமும் நீதிமன்ற அனுமதியும் இல்லாமல் வழக்கறிஞர் முன்னிலையாக முடியாது என்பது குறிப்பிடத்தக்கது. தொழிற்சங்கத் தலைவரே தொழிலாளிக்காகப் பேசும் அத்தகைய மன்றத்தில் வழக்கறிஞரின் பணி கோரிக்கை மனுவைச் செம்மையாக எழுதித் தருவதாகச் சுருங்குகிறது. இளம் வழக்கறிஞருக்குச் சொற்சிக்கனத்தைக் கற்றுத்தர இதைவிடச் சிறந்த பயிற்சி அரிது.

1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த தாயகம் திரும்பியோர் பலர், அவர்களுக்காகவே அரசு தொடங்கிய ‘டான்டீ’ தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தபோது, குடியுரிமை, பிறப்புப் பதிவு, வேலைச் சான்று ஆகியவற்றைக் குறித்த புதிய கட்டுகள் சேர்ந்தன. வழக்கறிஞர்களின் அலுவலகங்களில் ஒரே நாளில் தமிழ், படகம், மலையாளம், கன்னடம் ஆகியவை பேசப்பட்டன. 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடம் தந்த பிறகு, கட்சிக்காரர் தாய்மொழியில் சொன்னதை வழக்குரையின் தமிழிலும் மேல்முறையீட்டின் ஆங்கிலத்திலும் பொருள் சிதையாமல் அமைப்பது ஜூனியரின் தலையாய வேலையாயிற்று.

குமாஸ்தாவின் பள்ளி

சீனியரிடம் சேர்ந்த இளைஞருக்கு முதல் ஆசானாக அமைபவர் பெரும்பாலும் சீனியர் அல்லர். அவருடைய குமாஸ்தாவே ஆவார். வக்கீல் குமாஸ்தா என்பவர் வழக்குகளின் நாட்குறிப்பைப் பேணி, மனுக்களை நீதிமன்ற அலுவலகத்தில் தாக்கல் செய்து, தீர்ப்பு நகலுக்கு விண்ணப்பித்து, கட்சிக்காரருக்குத் தகவல் அனுப்பும் எழுத்தர். வழக்குரைக்கு எவ்வளவு நீதிமன்றக் கட்டணம், எந்த ஆவணத்தை எந்த வரிசையில் சேர்ப்பது, எந்தக் குறைக்காக மனு ‘ரிட்டர்ன்’ ஆகும், அதாவது திருத்தி மீண்டும் தாக்கல் செய்யுமாறு திருப்பப்படும் என்பவற்றை அவரே சொல்லித் தருகிறார். கட்டின் மேலுறையில் வழக்கு எண்ணையும் தரப்பினர் பெயரையும் அடுத்த வாய்தாவையும் பிழையின்றி எழுதுவதிலிருந்து கல்வி தொடங்குகிறது. ‘வாய்தா’ என்பது வழக்கு ஒத்திவைக்கப்பட்ட நாள்.

அடுத்த படி ஆவணத்தைப் படிப்பது. மூலப்பத்திரம், அதன் பின்வந்த கிரயப் பத்திரங்கள், நிலத்தின்மீது அடமானம் போன்ற சுமைகள் உள்ளனவா என்று காட்டும் வில்லங்கச் சான்று, பட்டா, பயிர்ப் பதிவான அடங்கல், நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படம் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, உரிமைச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் திறன் ஆண்டுக்கணக்கான பழக்கத்தால் வருவது. அனுபவத்தால் உரிமை கோர, தனியாருக்கு எதிராக 12 ஆண்டுகளும் அரசுக்கு எதிராக 30 ஆண்டுகளும் கடந்திருக்க வேண்டும் என்ற 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் எண்களை எவரும் மனனம் செய்துவிடலாம். ஆனால் ஒரு காபித் தோட்டத்தின் வயதையோ வேலி மரத்தின் பருமனையோ அந்த எண்களுக்குச் சான்றாக்க, நிலத்தை நேரில் பார்த்தவர் வேண்டும்.

அதற்கும் ஒரு வழியை உரிமையியல் நடைமுறைச் சட்டம் வைத்திருக்கிறது. நிலத்தைப் பார்வையிட்டு அறிக்கை தர நீதிமன்றம் நியமிக்கும் ‘வழக்கறிஞர் ஆணையர்’ பணி வழக்கமாக இளையவர்களுக்கே கிடைக்கிறது. நில அளவரையும் இரு தரப்பினரையும் உடன் அழைத்துக்கொண்டு சரிவில் ஏறி, எல்லைக் கல்லைத் தேடி, ஓடை எங்கே திசை மாறியது, எந்த மேட்டில் தேயிலை புதிதாக நடப்பட்டது என்று குறித்து, யாருக்கும் சாயாமல் எழுத வேண்டிய அந்த அறிக்கையில்தான் பல ஜூனியர்கள் முதன்முறையாகத் தம் பெயரில் கையொப்பமிடுகிறார்கள். தம் உழைப்புக்கென்று நீதிமன்றம் நிர்ணயித்த ஊதியத்தையும் முதன்முறையாகப் பெறுகிறார்கள்.

மலைக் கட்டுகளிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்கு

இத்தகைய ஆவண அறிவு உள்ளூர்ச் சண்டைகளோடு நின்றுவிடவில்லை என்பதைக் கூடலூரின் வரலாறு காட்டுகிறது. ஜென்மி முறையை ஒழித்து நிலத்தை ரயத்துவாரிக்கு மாற்ற, சுமார் 80,000 ஏக்கர் தொடர்பாக, 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்மம் எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஜென்மி, குத்தகைதாரர், பிற பயிரிடுவோர் ஆகியோர் பட்டா கோரும் வழிகள் 8, 9, 10ஆம் பிரிவுகளிலும், தோட்டக் குத்தகைகளின் நிலை 17ஆம் பிரிவிலும் அமைந்தன. ‘செக்‌ஷன் 17 நிலம்’ என்ற சொற்றொடர் சட்டம் படிக்காத கூடலூர்க் குடியானவரின் பேச்சிலும் இடம்பெறும் அளவுக்கு அந்தப் பிரிவு மக்களின் வாழ்வில் கலந்துவிட்டது.

இச்சட்டத்தை எதிர்த்த பால்மாடீஸ் தோட்ட வழக்கில் 1972இல் உச்ச நீதிமன்றம், வேளாண் சீர்திருத்தத்தோடு தொடர்பில்லை என்று கூறி, ஜென்மக் காடுகளை அரசு எடுத்துக்கொள்ளும் பகுதியை மட்டும் செல்லாததாக்கியது. பின்னர் 1974இல் இச்சட்டம், நீதிமன்றத் தாக்குதலிலிருந்து சட்டங்களைக் காக்க அமைந்த அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அச்சேர்க்கையை எதிர்த்து எழுந்த ஐ. ஆர். கோயல்ஹோ வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2007 ஜனவரி 11 அன்று, 1973 ஏப்ரல் 24க்குப் பின் அந்த அட்டவணையில் சேர்க்கப்பட்ட எந்தச் சட்டமும் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்புக்கு ஏற்றதா என்று சோதிக்கப்படலாம் எனத் தீர்ப்பளித்தது. இதற்கிடையே, கூடலூர்க் காடுகளில் மரங்கள் வெட்டப்படுவதைக் கண்டு மனம் வருந்திய நிலம்பூர் கோவிலகத்தின் டி. என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு ‘காடு’ என்ற சொல்லுக்கே இந்தியா முழுவதற்கும் விரிந்த பொருளைத் தந்தது.

இந்நாட்டின் அரசியலமைப்புச் சட்ட மாணவர் எவரும் தவிர்க்க முடியாத இவ்வழக்குகளின் அடித்தளத்தில் இருந்தவை நம்பலக்கோட்டுக் குத்தகைச் சீட்டுகளும் கோவிலகத்தின் பழைய பத்திரங்களும்தாம். சட்டத் தத்துவம் டெல்லியில் பேசப்பட்டது என்றாலும், அது பேசப்படுவதற்கான உண்மைகள் மலையில்தான் இருந்தன. 2020ஆம் ஆண்டின் முதுமலை யானை வழித்தடத் தீர்ப்பும், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்கீழ் பழங்குடியினர் அளித்த உரிமைக் கோரிக்கைகளும் அந்தப் பழைய பத்திரங்களைப் படிக்கத் தெரிந்தவர்களின் தேவையை இன்றும் நீட்டிக்கின்றன.

விதி மறைந்த பின் மிஞ்சிய வழக்கம்

பயிற்சியைக் கட்டாயமாக்கிய விதி இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் படிப்படியாகத் தளர்ந்தது. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் வக்கீல், பிளீடர் முதலிய பழைய வகைகளை ஒரே வகைக்குள் கொண்டுவந்ததுடன், தொடக்கத்தில் பதிவுக்கு முன் பயிற்சியும் தேர்வும் வேண்டும் என்றது. 1973ஆம் ஆண்டின் திருத்தம் அந்த நிபந்தனையை நீக்கியது. அட்டர்னி என்ற தனி வகுப்பும் 1976ஆம் ஆண்டின் திருத்தத்தால் 1977 தொடக்கத்தில் முடிவுக்கு வர, மும்பையில் மட்டும் சொலிசிட்டர் சங்கமொன்றின் தேர்வுக்காக ஒப்பந்தப் பயிற்சி தொடர்கிறது. இந்திய பார் கவுன்சில் 1995இல் ஓராண்டுப் பயிற்சியை விதிகளால் மீட்க முனைந்தபோது, சட்டம் அந்த அதிகாரத்தைக் கவுன்சிலுக்குத் தரவில்லை என்று 1999இல் சுதீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்விதிகளை ரத்து செய்தது. 2010இல் கொண்டுவரப்பட்ட அகில இந்திய பார் தேர்வு செல்லும் என்று அரசியல் சாசன அமர்வு 2023இல் உறுதிசெய்தது. தேர்வு திரும்பியதே அன்றிப் பயிற்சி திரும்பவில்லை.

விதி மறைந்தாலும் வழக்கம் மறையவில்லை. ஏனெனில் தேவை மறையவில்லை. ஆனால் விதி இல்லாத வழக்கம் இளையோரைப் பாதுகாக்கவும் இல்லை. பழைய ஒப்பந்தம் மாணவரை மட்டுமன்றி ஆசானையும் கட்டியது. கற்றுக்கொடுப்பது அவருடைய எழுத்துப்பூர்வக் கடமையாக இருந்தது. ஜூனியர் என்ற உறவில் அப்படியொரு பத்திரம் இல்லாததால், ஊதியம் சீனியரின் மனத்தைப் பொறுத்ததாயிற்று. பல ஆண்டுகள் பேருந்துக் கட்டணத்துக்கு மேல் எதுவும் கிடைக்காத நிலையை இத்தொழில் தவமென்று போற்றிக்கொண்டது. தோட்டத் தொழிலாளியின் மகளோ பழங்குடிக் குடும்பத்தின் முதல் பட்டதாரியோ அத்தகைய தவத்துக்கு வேண்டிய செல்வத்தைப் பெற்றிருக்கவில்லை. அவர்களே இம்மலையின் வழக்காறுகளைப் பிறப்பால் அறிந்தவர்கள் என்பதால் இழப்பு அவர்களுக்கு மட்டும் உரியதன்று, நீதிக்கும் உரியது. 1899இன் 500 ரூபாய்த் தீர்வை எந்த வாசலில் நின்றதோ, அதே வாசலில் ஊதியமற்ற ஆண்டுகள் வந்து நின்றன. ஆகவே 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவை அடுத்து, இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோயம்புத்தூரில் மாதம் 20,000 ரூபாயும், நீலகிரி உள்ளிட்ட பிற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாக வழங்குமாறு தமிழ்நாடு–புதுச்சேரி பார் கவுன்சில் சுற்றறிக்கை அனுப்பியதை இந்த நெடிய வரலாற்றின் முக்கியத் திருப்பமாகக் கருத வேண்டும்.

பெண்களின் நிலை இன்னும் நெடிய காத்திருப்பைச் சொல்கிறது. பெண்கள் சட்டத் தொழில் செய்யத் தடையில்லை என்று 1923ஆம் ஆண்டுச் சட்டம் அறிவித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் பி. ஆனந்தபாய் 1929இல் முதல் பெண் வழக்கறிஞராகப் பதிவு பெற்றார். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, 2023 ஜூனில், உதகையின் புதிய ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் பெண் வழக்கறிஞர்களுக்குக் கழிப்பறை வசதி போதவில்லை என்ற நீலகிரி பெண் வழக்கறிஞர்கள் சங்கத்தின் முறையீட்டின்மீது உச்ச நீதிமன்றம் விளக்கம் கேட்க வேண்டியிருந்தது. நாள் முழுவதும் நீதிமன்றத்தில் இருந்து கற்க வேண்டிய தொழிலில், நாள் முழுவதும் இருக்க இயலாத இடம் என்பது கல்வியையே மறுப்பதாகும்.

நீலகிரியில் சட்டப் பயிற்சியின் வரலாறு, ஆகையால், தேர்வுகளாலும் விதிகளாலும் மட்டும் எழுதப்படக் கூடியதன்று. ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையின் கையில் கட்டுகளை ஒப்படைத்து, எந்தச் சரிவில் எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று சொல்லிக்கொடுத்த தொடர்ச்சியே அந்த வரலாறு. ஜென்மச் சீட்டுகளில் பல இன்னும் தீராத வழக்குகளுக்குச் சான்றாக இருக்கின்றன. அவற்றின் மலையாள எழுத்தைப் படித்து, மூன்று தலைமுறைக்கு முந்தைய எல்லையைச் சொல்லில் மீட்டெடுக்கத் தெரிந்த மூத்தவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். இளைஞர் ஒருவர் அவர்களருகே அமர்ந்து கற்பதற்கான ஊதியத்தையும் இடத்தையும் உறுதிசெய்வது அந்த இளைஞருக்குச் செய்யும் உதவி மட்டுமன்று. அந்தச் சீட்டுகளை நம்பி நிலத்தில் நிற்கும் மக்களுக்குச் செலுத்த வேண்டிய கடனும் ஆகும்.